உப்பின் கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களுக்குச் சொந்தமாகச் சாய ஆலையும் உண்டு. சென்ற மாதம் மேலாளர்கள் பதினொரு பேரைக் கோவையில் ஒரு விடுதியில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். இயற்கையைக் கெடுக்காமல் தொழில் நடத்தும் சஸ்டெயினபிலிட்டியையும் நிறுவன மாற்றத்தையும் முன்னின்று நடத்தும் தலைவர்களை உருவாக்குவது அதன் நோக்கம். திரும்பி வந்தவர்கள் வரவேற்பறையில் ஒரு பசுமை உறுதிமொழிப் பலகையை மாட்டினார்கள்; வேறெதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டத்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தலைவர்களைப் பயிற்சியால் உருவாக்க முடியுமா? அல்லது முதலாளியின் மனம் மாறினால்தான் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மேலாளர்கள் கேட்டுவந்த வகுப்பிலும் அநேகமாக ஒரு மனமாற்றக் கதையைச் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1973 இல் இன்டர்ஃபேஸ் என்னும் தரைவிரிப்பு நிறுவனத்தைத் தொடங்கிய ரே ஆண்டர்சனின் கதை அது. 1994 இல் அவருடைய ஊழியர்கள், சுற்றுச்சூழல் குறித்த நிறுவனத்தின் பார்வை என்ன என்பதை விளக்கிப் பேசும்படி கேட்டார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தற்செயலாகக் கைக்கு வந்த ஒரு நூலைப் படித்து அவர் உலுக்கப்பட்டார். பெட்ரோலியத்திலிருந்து வரும் நைலானை நம்பி வாழ்ந்த அந்த நிறுவனம், 2020 க்குள் தன்னால் இயற்கைக்கு நேரும் கேட்டைப் பூஜ்யமாக்குவது என்ற இலக்கை ஏற்றது. ஆண்டர்சன் 2011 இல் மறைந்தார். 2019 இல் இலக்கை எட்டிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது.

கதை உண்மைதான். ஆனால் மேடையில் சொல்லும்போது இதன் நடுப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். மனம் மாறிய மறுநாளே ஆலை மாறிவிடவில்லை. தரைவிரிப்பை விற்காமல் வாடகைக்கு விட்டு, தேய்ந்த பிறகு தாமே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு திட்டத்தை ஆண்டர்சன் ஆசையுடன் கொண்டுவந்தார்; வாங்குவோரிடம் அது எடுபடவில்லை. பலன் தந்தது, கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு வரையறை. வாடிக்கையாளருக்குப் பயன் தராத செலவு எதுவானாலும் அது கழிவு என்று அங்கே முடிவு செய்தார்கள். வெட்டித் தள்ளிய துண்டுகள் மட்டுமல்லாமல், தவறான ஊருக்குப் போன சரக்கும், விலை தவறிப்போன பில்லும்கூடக் கழிவுக் கணக்கில் ஏறின. அதன் பிறகு கழிவு என்பது ஆலையின் பின்கட்டு விவகாரமாக இருக்கவில்லை. விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் சாயத்தொழில் தெரிந்த உங்களுக்கு இது உடனே புரியும். அவர்களுடைய வடிவமைப்பாளர் டேவிட் ஓக்கி தன் குழுவினரைக் காட்டுக்குள் அனுப்பி, இயற்கை தரையை எப்படி அமைக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். உதிர்ந்த இலைகளில் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை; ஆனாலும் மொத்தத் தரையும் ஒன்றாகவே தெரிகிறது. அதிலிருந்து, ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும் சதுரங்களைக் கொண்ட ஒரு விரிப்பு 2000 ஆவது ஆண்டில் சந்தைக்கு வந்தது. வேறுவேறு சாயத் தொகுதிகளில் வந்த சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தாலும் அது குறையாகத் தெரியவில்லை. ஷேடு பொருந்தவில்லை என்று சரக்கை ஒதுக்கும் வேலையே பெரிதும் குறைந்தது.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். திருப்பூரில் யாருடைய மனமும் நூல் படித்து மாறவில்லை. பருத்தியில் ரியாக்டிவ் என்னும் வகைச் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். அன்றைய சுத்திகரிப்பு முறைகள் நிறத்தை எடுத்தனவே தவிர உப்பை எடுக்கவில்லை. அந்த உப்பெல்லாம் நொய்யல் ஆற்றின் வழியாகப் பாசனத்துக்கென்று 1992 இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சேர்ந்தது. அணைநீரைப் பயிருக்கு விடக்கூடாது என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. அவர்கள் தொடுத்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700 க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்பு நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்திக் காட்டிய பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாமல் தொழில் நடத்தலாம் என்பது நடைமுறையாயிற்று.

ஆகவே முதலாளியின் மனம் மாறினால்தான் உண்டு என்பதை நான் ஏற்கவில்லை. மாற்றத்தைத் தொடங்கிவைக்க ஒரு மனமாற்றமும் போதும், ஒரு பூட்டும் போதும். அதற்குப் பிறகு அன்றாடம் அதை நடத்திச் செல்ல ஆட்கள் வேண்டும். உங்கள் திட்டம் அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அந்த ஆட்கள் யார் என்பதை எனக்குக் காட்டியது நண்பர் ஒருவரின் சாய ஆலையில் நான் கழித்த ஓர் இரவு. மணி ஒன்றரை இருக்கும். சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்திலிருந்து வெட்டியெடுத்த துணித்துண்டை உலர்த்தி, விளக்குப் பெட்டிக்குள் மூல மாதிரியின் பக்கத்தில் வைத்து சாய மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அடர் ஆலிவ் பச்சை. மாதிரியைவிட ஒரு நூலளவு மஞ்சள் கூடியிருப்பதாக அவர் சொன்னார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. துணியை வாங்கும் பையருக்கும் ஆலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் மர்ச்சண்டைசரைத் தொலைபேசியில் அழைத்து, "பையர்கிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்க சார், பாஸ் பண்ணிருவாங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது: "கேக்கறதுக்கெல்லாம் நேரமில்லைங்க, ஸ்ட்ரிப் பண்ணிருங்க." ஏறிய சாயத்தை நீக்கிவிடுங்கள் என்று பொருள்.

இந்த ஒரு வாக்கியத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300 கிலோ துணி. கிலோவுக்கு ஆறு லிட்டர் என்று வைத்தாலும் 1800 லிட்டர் தண்ணீர். அடர் நிறமென்பதால் லிட்டருக்கு 80 கிராம் உப்பு. ஆக 144 கிலோ, ஏறத்தாழ மூன்று மூட்டை. ஸ்ட்ரிப் செய்து மறுபடி சாயமேற்றினால் அந்த மூன்று மூட்டை மீண்டும் ஒருமுறை தொட்டிக்குள் போகிறது. அலசும் நீர் தனி. அந்த உப்பைத் திரும்பப் பிரித்தெடுக்க ஆவியாக்கிகளுக்காக மணிக்கணக்கில் விறகு எரிகிறது. தொலைபேசியை வைத்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவருடைய சம்பளம், ஊக்கத்தொகை, பதவி உயர்வு எல்லாமே ஷிப்மென்ட் தேதியை மட்டும் சார்ந்தவை. விளைவைக் கண்ணால் பார்ப்பவரான மாஸ்டருக்கோ வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லை. கோவைக்குப் போய்வந்த பதினொரு பேரில் ஒரு சாய மாஸ்டராவது இருந்தாரா? அந்தப் பட்டியலில் அவருக்கு இடமே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இத்துறையில் தலைமை என்று நான் கருதுவது முடிவெடுக்கும் அதிகாரத்தையும் அந்த முடிவின் செலவையும் ஒரே ஆளின் மேசைக்குக் கொண்டுவருவதைத்தான். உரை கேட்பதாலோ உறுதிமொழி எடுப்பதாலோ அது வருவதில்லை. உங்கள் மர்ச்சண்டைசர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஓர் இரவு சாயத்தளத்தில் இருக்கட்டும். மறுசாயத்துக்குப் போகும் ஒவ்வொரு தொகுதியின் தண்ணீரும் உப்பும் விறகும், அதைக் கேட்டவரின் ஆர்டர் கணக்கில் பற்றெழுதப்படட்டும். நிற வேறுபாடு குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் பையரிடம் கேட்காமல் ஸ்ட்ரிப் செய்ய மாட்டேன் என்று சொல்ல மாஸ்டருக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். இந்த மூன்றாவதுதான் கடினம்; முதலாளியின் கையெழுத்து தேவைப்படும், உங்கள் ஏற்றுமதி மேலாளர் நிச்சயம் எதிர்ப்பார். அவர் எதிர்க்கும் அன்றுதான் உங்கள் நிறுவனத்தில் மாற்றம் என்ற பேச்சு உண்மையாகவே தொடங்கியிருக்கும். பையரோடும் பேச வேண்டியிருக்கும். அடர் நிறங்களில் எவ்வளவு வேறுபாட்டை ஏற்பார்கள் என்று சிறு துண்டில் நிறம் ஏற்றிப் பார்க்கும் லேப் டிப் நிலையிலேயே கேட்டு வாங்குவதற்கு, நல்ல ஆங்கிலமும் கொஞ்சம் துணிச்சலும் உள்ள ஓர் இளைஞர் போதும். இன்டர்ஃபேஸ் தரைவிரிப்பில் கண்டுகொண்டதும் ஏறத்தாழ இதுதான்: சிறு வேறுபாடு குறையல்ல.

வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி 2022-23 முதல் கட்டாயமாகத் தரவேண்டிய நிலைத்தன்மை (சஸ்டெயினபிலிட்டி) அறிக்கையிலேயே, எத்தனை பயிற்சிகள் நடத்தினீர்கள், இயக்குநர்களிலும் ஊழியர்களிலும் எத்தனை சதவீதத்தினர் கலந்துகொண்டனர் என்ற கேள்வி இருக்கிறது. தலையை எண்ணச் சொன்னால் நிறுவனங்கள் தலையை எண்ணித்தான் கொடுக்கும். உங்களுக்கும் ஏதாவது ஒரு தணிக்கைக்கு அந்த எண் தேவைப்படலாம், நடத்துங்கள். இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு நாளைச் சாயத்தளத்திலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மேலாளர்களை ஒரத்துப்பாளையத்துக்கு அழைத்துச் சென்று, அணையின் கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் இருவரைப் பேச விடுங்கள். பிரசன்டேஷன் எதுவும் தேவைப்படாது.

அதற்கு முன் ஒரு வேலை. கடந்த மூன்று மாதங்களில் மறுசாயத்துக்குப் போன தொகுதிகள் எத்தனை, அவற்றில் பையர் உண்மையிலேயே நிராகரித்தவை எத்தனை, அவரிடம் கேட்காமலே நீங்களாகத் திருப்பியவை எத்தனை என்று மாஸ்டரின் நோட்டிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். திட்டத்தின் முதல் பக்கமாக அதை வைத்துக்கொண்டு முதலாளியைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.