ஆன்லைன் கொலையாளியை போலீஸ் துரத்தும் த்ரில்லர் படங்களில் காட்டுவதுபோல நிஜத்தில் நடக்குமா?

கொலையாளி நிஜத்திலும் இருக்கிறான். படத்தில் வரும் அந்த சைபர் கிரைம் ஹீரோதான் பெரும்பாலும் இருப்பதில்லை. இருட்டு அறை, நாலு மானிட்டர், ஊர் ஊராகத் தாவி ஓடும் ஐபி முகவரி... பார்க்க எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் ஜப்பானில் 2017ல் நடந்த ஸாமா வழக்கைப் படித்ததிலிருந்து அந்தக் காட்சிகள் வந்தால் சிரிப்பு வருகிறது.

தகாஹிரோ ஷிராய்ஷி என்பவன், சாக வேண்டும்போல இருக்கிறது என்று ட்விட்டரில் எழுதுபவர்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பான். உதவுகிறேன், நானும் கூடவே சாகிறேன் என்பான். நம்பி வந்தவர்களை கனகவா மாகாணத்து ஸாமா நகரில் இருந்த தன் சின்ன ஃபிளாட்டில் வைத்துக் கொன்றான். ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் ஒன்பது பேர். எல்லோரும் 15லிருந்து 26 வயதுக்குள். எட்டுப் பேர் பெண்கள். இன்னொருவர், காணாமல்போன தோழி எங்கே என்று அவனிடம் கேட்கப்போன இளைஞர்.

இறந்தவர்கள் டோக்கியோ, சைதாமா, ஃபுகுஷிமா என்று வெவ்வேறு ஊர்க்காரர்கள். அங்கங்கே தனித்தனியாக ஆள் காணவில்லை என்ற வழக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஆள் என்று யாருக்குத் தோன்றும்?

முடிச்சை அவிழ்த்தவர், காணாமல்போன 23 வயதுப் பெண்ணின் அண்ணன். தங்கையின் ட்விட்டர் கணக்குக்குள் போய்ப் பார்த்தார். சந்தேகப்படும்படி ஒரு கணக்கோடு அவள் பேசியிருந்தாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அங்கேயே பதிவு போட்டார். அந்த ஆளைத் தெரியும் என்று ஒரு பெண் பதில் சொன்னார். போலீசுக்காக, அவனைச் சந்திக்க வரச்சொல்லி ஒரு ரயில் நிலையத்துக்கு அழைத்ததும் அவர்தான். வந்தவனைப் பின்தொடர்ந்துபோய் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அக்டோபர் 31ல் கைது. இத்தனைக்கும் அந்தப் பெண் போலீஸ்காரர் இல்லை. அவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும்!

விசாரணை தனிக்கதை. இறந்தவர்கள் சம்மதித்துதான் வந்தார்கள் என்று வக்கீல்கள் வாதாட, யாரும் சம்மதிக்கவில்லை என்று அவனே மறுத்தான். 2020 டிசம்பரில் மரண தண்டனை. 2025 ஜூனில் தூக்கு.

இன்னொரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் லூகா மக்னோட்டா. பூனைக்குட்டிகளைக் கொன்று வீடியோ போட்டவனை ஃபேஸ்புக்கில் ஒரு கூட்டம் மாதக்கணக்கில் தேடியது. 2012ல் மாண்ட்ரியாலில் ஒரு மாணவரைக் கொன்று அந்த வீடியோவையும் போட்டான். இன்டர்போல் வரை போன வேட்டை. கடைசியில் பெர்லினில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன்னைப் பற்றிய செய்தியைப் படித்துக்கொண்டிருந்தவனை, கடை ஊழியர் முகம் பார்த்து அடையாளம் கண்டு போலீசைக் கூப்பிட்டார். இந்த கிளைமாக்ஸை எழுதிக்கொண்டு போனால் எந்தத் தயாரிப்பாளரும், 'நம்புற மாதிரி இல்லையே தம்பி' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.