கண்ணாடி பார்த்து வரைந்தால் முகம் விறைத்துப்போவது ஏன்?

கேள்வி: ஆயில் பெயின்டிங் பழகுகிறேன். என்னையே வரைந்தால் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வருகிறது. டச்சுப் பெண் ஓவியர் யூடித் லெய்ஸ்டர் தன்னை வரைந்த படம்போல இயல்பாகவும் மிடுக்காகவும் வர என்ன செய்யலாம்? உடையும் அதுபோல வேண்டுமா?

பதில்: நல்ல படத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஹாலந்தின் ஹார்லெம் நகரில் 1630 வாக்கில், இருபது வயதை ஒட்டி அவர் வரைந்தது. இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

முதலில் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். உடல் ஒரு பக்கம், முகம் நம் பக்கம். வலது முழங்கை நாற்காலி முதுகின் மேல். தூரிகை அந்தரத்தில் நிற்கிறது, உதடு லேசாகத் திறந்திருக்கிறது. வேலைக்கு நடுவே யாரோ கூப்பிட, திரும்பிய நொடி அது. உங்கள் படம் விறைப்பதற்குக் காரணம், கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து, தோள், முகம், கண் மூன்றையும் ஒரே திசையில் வைப்பதுதான். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, கழுத்தை மட்டும் திருப்புங்கள். கைக்கு ஒரு பிடிமானமும் கொடுங்கள்.

அப்புறம், வரைகிற கை ஒருபோதும் சும்மா நிற்காது. அதைக் கண்ணாடியில் பார்த்து வரைய முடியாது; போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயம். அவ்வளவு பெரிய காலரும் லேஸ் வைத்த மணிக்கட்டுப் பட்டியும் போட்டுக்கொண்டு யாரும் எண்ணெய்ச் சாயத்தில் கை வைக்க மாட்டார்கள். மதிப்புள்ள தொழில் செய்பவள் நான் என்று சொல்லத்தான் அந்த உடை. 1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் சேர்ந்த மிகச் சில பெண்களில் அவரும் ஒருவர் என்பதை நினைத்தால், அந்த மிடுக்கின் அருமை புரியும். உங்களுக்குப் பொருந்துகிற நல்ல உடை எதுவும் போதும். லேஸை இழை இழையாக வரைய வேண்டாம். சாம்பல் கலந்த வெள்ளையில் மொத்தமாகப் பூசி, ஒளி படும் விளிம்பில் மட்டும் தூய வெள்ளை வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பின்னால் ஸ்டாண்டில் இருக்கும் படம். அதில் முதலில் ஒரு பெண் முகத்தை வரைந்திருந்தார் என்பது அகச்சிவப்புச் சோதனையில் தெரிந்தது. பிறகு அதை மாற்றி, சிரிக்கும் வயலின்காரனை வரைந்துவிட்டார். தன் முகத்தோடு தன் கைத்திறமையையும் ஒரே படத்தில் காட்டிவிட்டார், எவ்வளவு நல்ல முடிவு! நீங்களும் பின்னணியை வெறுமையாக விடாமல், நீங்கள் ரசித்து வரைந்த ஒன்றை அங்கே வையுங்கள்.