தலைகீழாக ஊன்றிய செங்கோல்

அன்புள்ள ஐயா,

பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பெரிய ஓவியத்தைப் பார்த்தேன். செங்கோலைத் தலைகீழாக ஊன்றி நிற்கிறார். மணிமுடி தலையில் இல்லை, பக்கத்தில் ஒரு திண்டின்மேல் கிடக்கிறது. இரண்டு கால்களும் தொடைவரை தெரிகின்றன. ஒரு மகாராஜாவை இப்படியா வரைவார்கள்? ஓவியரின் கவனக்குறைவா?

கு., தஞ்சாவூர்

அன்புள்ள கு.,

கவனக்குறைவு இல்லை. யாசிந்த் ரிகோ 1701-இல் தீட்டிய ஓவியம் அது. ஸ்பெயினுக்கு அரசராகப் போன பேரன் ஐந்தாம் பிலிப்புக்கு அனுப்பத்தான் லூயி வரையச் சொன்னார். முடிந்ததும் மிகவும் பிடித்துப்போய்த் தானே வைத்துக்கொண்டார்.

லூயி முடிசூடியது 1654-இல், ரைம்ஸ் பேராலயத்தில். அன்று முடியும் கோலும் குருமார் கையிலிருந்து அவருக்கு வந்தவை. ஓவியமோ 47 ஆண்டுகள் கழித்து வரையப்பட்டது. இனி யாரும் அவருக்கு எதையும் சூட்ட வேண்டியதில்லை. செங்கோலின் லில்லிப்பூ முனை கீழே திண்டில் அழுந்த, கைத்தடிபோல் அதன்மேல் சாய்ந்து நிற்கிறார். முடி இல்லாமலும் நானே அரசன் என்பதை இதைவிட அழுத்தமாக எப்படிச் சொல்ல முடியும்?

கால்களுக்கு வருகிறேன். 14 வயதில் அரசவை பாலேயில் சூரியனாக வேடமிட்டு ஆடியவர் லூயி. ஓவியத்திலும் நடனக்காரரின் நிலையில்தான் நிற்கிறார். முகத்தை ரிகோ தனித் துணியில் வரைந்து பெரிய ஓவியத்தில் பொருத்தினார். ஒட்டிய கன்னத்தையும் ஒடுங்கிய வாயையும் அவர் மறைக்கவில்லை. 60 வயதைக் கடந்த முகத்தின் கீழே ஓர் இளைஞனின் கால்கள்! மனிதனுக்கு வயதாகும், அரசனுக்கு ஆகாது என்று அந்த உடம்பே சொல்கிறது. எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நீல மேலங்கியை விலக்கிக் காட்டுவது கால்களை மட்டுமல்ல, இடுப்பில் இருக்கும் உடைவாளையும்தான். இடைக்காலப் பேரரசர் சார்லமேனின் வாள் என்று பிரெஞ்சு மன்னர்கள் போற்றிய 'ஜுவாயெஸ்' அது. லூவரிலேயே இருக்கிறது.

இதோடு ஆங்க்ர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1806-இல் வரைந்த நெப்போலியனை ஒப்பிட்டுப் பாருங்கள். தலையில் பொன் வாகை, வலக்கையில் நிமிர்த்திய செங்கோல், இடக்கையில் நீதியைக் குறிக்கும் கை வடிவம் பொருத்திய கோல், இடையில் வாள். எதையும் கீழே வைக்கவில்லை. அரச பரம்பரையில் பிறக்காத அவர், பேரரசராகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்றைக் கீழே வைத்தாலும் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் அந்தக் கைகள் இறுகியிருக்கின்றன.