நடித்துப் பதிவு செய்த டாக்டர்–நோயாளி உரையாடலை வைத்து மருத்துவ ஏஐ-யைப் பழக்கலாமா?

டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெழுதும் ஏஐ, கம்பம்–குமுளி பக்கத்து கிளினிக்குகளுக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பழக்கலாம். ஆனால் இரண்டு மருத்துவ மாணவர்களை உட்கார வைத்து, "நீ ஆஸ்துமா நோயாளி" என்று ஆரம்பிப்பதாக இருந்தால் வேண்டாம். நோயின் பெயர் தெரிந்தவர் அறிகுறிகளைப் பாடம் மாதிரி ஒப்பித்துவிடுவார். ஏலத்தோட்டத்து ஜீப்பில் இறங்கி வருகிறவர், "ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றுதான் தொடங்குவார்.

நோயாளியாக நடிக்க உள்ளூர்க்காரரையே பிடியுங்கள். அவர் கையில் கொடுக்கும் அட்டையில் நோயின் பெயர் இருக்கக் கூடாது. தானாகச் சொல்வது இரண்டு வரி, கேட்டால் மட்டும் சொல்வது நாலைந்து வரி, இரண்டாம் தடவை கேட்டால்தான் வாய் திறப்பது ஒன்றோ இரண்டோ: குடிப்பழக்கம், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரை, தோட்டத்தில் மருந்தடித்தது.

இந்த 'மருந்து' இருக்கிறதே, இதில்தான் வம்பு. "நேத்து மருந்தடிச்சேன், அப்ப இருந்து தலை சுத்துது" என்றால் பூச்சிமருந்து. "மருந்தக் குடிச்சிட்டாரு" என்று மனைவி சொன்னால் அது தற்கொலை முயற்சியாகவும் இருக்கலாம். ஏஐ இரண்டையும் 'மருந்து எடுத்துக்கொண்டார்' என்று குறித்து வைக்கும். அடுத்தது 'பனி'. தமிழ்க்காரர் "பனி ஒத்துக்கல" என்பார். மலையாள டாக்டருக்குப் பனி என்றால் காய்ச்சல். இப்படிப்பட்ட இடங்களை அட்டையில் வேண்டுமென்றே வையுங்கள். கூட வந்த மருமகள் குறுக்கே பதில் சொல்வதும் இருக்கட்டும்.

ஆளுக்கொரு காலர் மைக், தனித்தனி சேனல், 16 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு போதும். ஒரே போனை மேஜையில் வைத்தால் இரண்டு குரல் மோதும் இடம் பாழ். தலையாட்டினால் மைக்கில் விழாது. பதிவைக் கேட்டு எழுத்தாக்குபவர் அதை அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். நடிக்கிறவர் பழக்கதோஷத்தில் தன் நிஜ போன் நம்பரைச் சொல்லிவிடுவார், அதையும் நீக்குங்கள்.

ஏஐ நூற்றுக்கு எத்தனை சொல்லைத் தப்பாக எழுதுகிறது என்ற சொற்பிழை விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். நூறு சொல்லில் ஒன்று விட்டால் பிழை ஒரு சதவீதம்தான். அந்த ஒன்று "சுகர் இல்ல"வில் உள்ள 'இல்ல' என்றால்?

கனடாவிலிருந்து 2022-இல் வந்த ஆங்கிலத் தொகுப்பில் 272 நடிப்பு உரையாடல்கள் உண்டு, பெரும்பாலும் மூச்சுக்கோளாறு. அதை மொழிபெயர்த்தாலே போதுமே என்பார்கள். அதில் மருந்தடித்தவர் எங்கே வருவார்?

"நிஜ நோயாளியையே பதிவு செய்யலாமே" என்று கமெண்டில் வருபவர்களுக்கு: செய்யலாம், சம்மதம் வாங்கிக்கொண்டு. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அப்படிக் கிடைக்கும் கொஞ்சத்தையும் பழக்கப் போடாமல் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். நடிப்புப் பதிவுகளைப் பழக்குவதற்கு, சோதிப்பதற்கு என்று பிரிக்கும்போதும் ஒரே ஆளின் குரல், ஒரே அட்டை இரண்டு பக்கமும் வரக் கூடாது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: எழுத்தாக்குபவருக்கு ஆடியோ நிமிடக் கணக்கில் கூலி கொடுக்காதீர்கள். மலையாளம் கலந்த தேனித் தமிழில் மூன்று பேர் பேசும் ஒரு நிமிடத்தைப் பத்துத் தடவை கேட்க வேண்டியிருக்கும். அவருக்கு வேலை செய்த நேரத்துக்குக் கொடுங்கள்.