ஜூலையில் வாங்கிய மீன்பிடி லைசென்ஸ் ஆகஸ்டிலேயே ஏன் முடிந்தது?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் இர்விங்கில் இரண்டு வருடமாக இருக்கிறோம். போன ஜூலையில் நன்னீர் மீன்பிடி லைசென்ஸ் எடுத்தேன், வருட லைசென்ஸ்தான். அக்டோபரில் ஏரிக்கரையில் கேம் வார்டன் (வேட்டை, மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) வாங்கிப் பார்த்துவிட்டு, இது காலாவதி ஆகிவிட்டதே என்றார். நல்லவேளை, எச்சரித்து விட்டுவிட்டார். இதை எப்படிப் புதுப்பிப்பது? மார்ச்சில் அப்பா திருநெல்வேலியிலிருந்து வருகிறார். வயது 68, தாமிரபரணியில் வீச்சு வலை போட்டு வளர்ந்தவர். அவருக்கு சீனியர் சலுகை உண்டா? மனைவிக்கும் 12 வயதுப் பையனுக்கும் தனியாக எடுக்க வேண்டுமா? நியூஜெர்சியிலிருந்து மாறி வந்து நாலு மாதம் ஆன மச்சானும் கூட வருவான்.

பதில்: உங்களை யாரும் ஏமாற்றவில்லை, அந்த லைசென்ஸ் ஒழுங்காகத்தான் முடிந்திருக்கிறது. டெக்சஸில் லைசென்ஸ் வருடம் என்பது செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. நீங்கள் எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும், ஆனால் விலை மட்டும் குறையாது. ஜூலையில் 30 டாலர் கொடுத்தவர் இரண்டு மாதத்துக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். இதில் நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். புது வருட லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும், அப்போது பழையதும் புதியதும் சேர்ந்தே கிடைக்கும். ஆகஸ்ட் 20 வாக்கில் ஒரு கடையில் அவசரமாக வாங்கினேன். கவுன்டரில் இருந்த பையனும் எந்த வருடத்துக்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேதியைப் பார்த்தால் பதினோரு நாள்தான் மிச்சம். அதிலிருந்து காசு கொடுப்பதற்கு முன் தேதியைத்தான் முதலில் படிக்கிறேன்.

அடுத்தது, புதுப்பித்தல். உண்மையில் இங்கே அப்படி ஒன்று இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குவதுதான். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி விட்டுப்போனால் அபராதம் கட்டு, தேர்வு எழுது என்று எதுவும் கிடையாது. குளிர்காலம் முழுக்கத் தூண்டிலைத் தொடப்போவதில்லை என்றால் செப்டம்பரிலேயே ஓடிப்போய் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கேள்வியைப் பார்த்தால் மார்ச் முதல் ஜூலை வரை போகிற ஆள் போலத் தெரிகிறது. அப்படியானால் வருடா வருடம் மார்ச்சில் நன்னீர் லைசென்ஸ் ஒன்று, 30 டாலர், முடிந்தது கதை. உப்புநீருக்கு 35, இரண்டுக்கும் சேர்த்து 40. வாங்கிய நாளிலிருந்து கணக்கு வைக்கிற வருட லைசென்ஸும் ஒன்று உண்டு, 47 டாலர். அது டெக்சஸ்வாசிகளுக்கு மட்டும்தான், ஏரி கடல் இரண்டுக்கும் செல்லும், அடுத்த ஆண்டு அதே மாதம் முடியும் வரை இருக்கும். போன ஜூலையில் நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். கோடையில் ஆரம்பிக்கிறவர்களுக்கும், கால்வெஸ்டன் பக்கம் கடலுக்கும் ஒரு நடை போய்வருகிறவர்களுக்கும் அது லாபம். ஏரியோடு நிறுத்திக்கொள்கிறவர் மார்ச்சில் அதற்கு 47 கொடுப்பது வீண் என்பது என் எண்ணம். இவையெல்லாம் எனக்குத் தெரிந்த விலைகள். மாநிலம் அவ்வப்போது மாற்றும், பணம் கட்டும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது ஐந்து நிமிட வேலை. டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்தில் வாங்கலாம், ஆனால் அங்கே 5 டாலர் சேவைக் கட்டணம் சேரும். வால்மார்ட், அகாடமி, பெரும்பாலான தூண்டில் கடைகள் எல்லாம் விற்கின்றன, அங்கே அந்த 5 டாலர் இல்லை. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) கேட்பார்கள், கேட்டதும் பயப்பட வேண்டாம். குழந்தைகளுக்கான ஜீவனாம்சத்தைக் கட்டாமல் பாக்கி வைத்திருக்கும் பெற்றோரைக் கண்டுபிடிக்க 1990-களில் வந்த மத்தியச் சட்டம் ஒன்றின் விளைவு அது. மீன் லைசென்ஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் முழித்தேன். அந்த நம்பர் இல்லாதவர்கள் இணையத்தோடு மல்லுக்கட்டாமல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் கடைக்குப் போவது நல்லது.

இனி உங்கள் வீட்டு ஆட்கள். பையனுக்கு 12 வயதுதானே, 17 நிரம்பும் வரை அவனுக்கு லைசென்ஸே வேண்டாம். மனைவிக்கு வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது, தூண்டில் பிடிக்கிற ஒவ்வொரு பெரியவருக்கும் ஒன்று. பாய் விரித்து உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுவதற்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் நீங்கள் காருக்குப் போய்வரும் நேரத்துக்கு, “இதைக் கொஞ்சம் பிடி” என்று இரை மாட்டிய தூண்டிலை அவர் கையில் கொடுத்தால், வார்டன் கண்ணுக்கு அவரும் மீன் பிடிக்கிறவர்தான். ‘பிடிக்க முயல்வது’ என்றே சட்டம் சொல்கிறது, மீன் மாட்டியதா இல்லையா என்பது பேச்சே இல்லை.

மச்சான் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் டெக்சஸில் வசித்திருந்தால்தான் டெக்சஸ்வாசி. டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக நாலு மாதத்தில் 30 டாலர் லைசென்ஸ் வாங்கினால், அது தவறான தகவல் கொடுத்து வாங்கியதாகத்தான் ஆகும். வெளிமாநிலத்தவர் கணக்கில் நன்னீருக்கு 58, இரண்டுக்கும் சேர்த்து 68. ஒரு நாள் லைசென்ஸ் 16. இரண்டு மாதம் பொறுத்தால் 30-க்கு முடிகிற வேலைக்கு அவர் ஏன் 58 அழ வேண்டும்? இப்போதைக்கு ஒரு நாள் லைசென்ஸ் எடுத்து வரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு சீனியர் சலுகை கிடையாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்னீர் லைசென்ஸ் 12 டாலர்தான், ஆனால் அது டெக்சஸ்வாசிகளுக்கு. விசிட்டர் விசாவில் வருகிறவர் எத்தனை வயதானாலும் வெளி ஆள்தான். அவருக்கும் ஒரு நாளைக்கு 16, ஏரிக்கும் கடலுக்கும் செல்லும். மூன்று நாள் போனால் 48, நாலாவது நாள் 64 ஆகிவிடும், அதற்கு 58 டாலர் லைசென்ஸே தேவலை. ஆறு மாதம் இருக்கப்போகிறவர், வாராவாரம் ஏரிக்குப் போகலாம் என்று கிளப்புகிறவர் என்றால் 58-ஐ எடுத்துவிடுங்கள். லைசென்ஸ் எடுத்தபிறகும் அவர் பையில் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். 17 வயதுக்கு மேற்பட்டவர்கள் மீன்பிடிக்கும்போது அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

ஆனால் அப்பாவுக்கு லைசென்ஸே இல்லாமல் வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மாநிலப் பூங்காக்களில் கரையில் நின்றோ, அங்கே இருக்கும் மீன்பிடி மேடையில் நின்றோ பிடிப்பதற்கு யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் சேர்த்துத்தான். உங்களுக்குப் பக்கத்தில் ஜோ பூல் ஏரிக்கரையில் சீடர் ஹில் மாநிலப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் மட்டும் உண்டு. தூண்டில் இல்லாமல் வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்கிற திட்டமும் பல மாநிலப் பூங்காக்களில் இருக்கிறது, போகும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். அதே ஏரியில் படகு எடுத்து நடுவுக்குப் போனால் லைசென்ஸ் வேண்டும். பூங்காவுக்கு வெளியே அதே ஏரியின் இன்னொரு கரைக்குப் போனாலும் வேண்டும். நகராட்சிப் பூங்காவில் இருக்கும் குளத்துக்கும் இந்தச் சலுகை இல்லை. பெயரில் பூங்கா என்று இருக்கிறதே என்று போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்புறம், ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுக்க இலவச மீன்பிடி நாள், அன்றைக்கு எந்தப் பொது நீர்நிலையிலும் லைசென்ஸ் வேண்டாம். அப்பா அதுவரை இருந்தால் அன்றைக்கு மச்சானையும் இழுத்துக்கொண்டு போங்கள்.

வடக்கே ஓக்லஹோமா எல்லையில் டெக்சோமா ஏரி வேறு கணக்கு. உங்கள் டெக்சஸ் லைசென்ஸ் அந்த ஏரியில் டெக்சஸ் பாதிக்கு மட்டும்தான் செல்லும், தண்ணீரில் கோடு போட்டா வைத்திருக்கிறார்கள்? அந்த ஏரிக்கென்றே 12 டாலரில் தனி லைசென்ஸ் இருக்கிறது, இரண்டு பக்கமும் பிடிக்கலாம், டிசம்பர் 31 வரை செல்லும்.

வீச்சு வலையைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் தாமிரபரணி என்று எழுதியதால் சொல்கிறேன், அப்பா கட்டாயம் கேட்பார். வீச்சு வலை டெக்சஸில் தடை இல்லை. விரிந்தால் 14 அடி விட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் விழும் கெளுத்தியையும் பாஸ் மீனையும் வைத்துக்கொள்ளக் கூடாது, அவை ‘விளையாட்டு மீன்’ பட்டியலில் இருப்பவை. ஷாட் மாதிரி இரைமீனை வலையில் பிடிக்கலாம். ஊரில் வலை வீசிக் குழம்புக்கு மீன் கொண்டுவந்த மனிதரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கிற பொறுப்பு உங்களுடையது. நகரத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குளங்கள் பலவும் சமூக மீன்பிடிக் குளங்கள் என்ற வகையில் வரும். அங்கே வலையே ஆகாது, தூண்டில் மட்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, கெளுத்தி ஒரு நாளைக்கு ஐந்து. அப்புறம் ஜிலேபி கெண்டை மாட்டினால் அதை உயிரோடு வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஊரில் வழக்கமாகச் செய்வதுதான், இங்கே குற்றம்.

லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் அபராதம் 25-லிருந்து 500 டாலர் வரை, அதோடு கோர்ட் செலவு. வார்டன்கள் பொதுவாகத் தன்மையாகத்தான் பேசுவார்கள், ஆனால் லைசென்ஸைப் பார்த்த கையோடு ஐஸ் பெட்டியையும் திறக்கச் சொல்வார்கள். லைசென்ஸ் சரியாக இருந்து பெட்டிக்குள் 12 அங்குலப் பாஸ் கிடந்தால் அது தனி அபராதம். பெரியவாய் பாஸ் பெரும்பாலான ஏரிகளில் குறைந்தது 14 அங்குலம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து. அளக்கும்போது மீனின் வாயை மூடி, வாலின் இரண்டு முனைகளையும் கூட்டிப் பிடித்து, பலகையில் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். விரிந்த வாலோடு அளந்தால் 13¾ காட்டுவது கூட்டிப் பிடித்தால் 14-ஐத் தொடுவதும் உண்டு. பையனிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஸ்கேலை விடவே மாட்டான்.

இந்த 30 டாலர் எங்கே போகிறது என்றும் சிலர் கேட்பார்கள். ஏரிகளில் மீன் குஞ்சு விடுவதற்கும் வார்டன் சம்பளத்துக்கும் போகிறது. 1950-ல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மேல் வசூலாகும் மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது, எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். நீங்கள் வாங்கும் ஒரு லைசென்ஸ் அந்தக் கணக்கிலும் ஏறும்.

ஆக, மார்ச்சில் உங்களுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு நன்னீர் லைசென்ஸ் கடையில் வாங்கிவிடுங்கள், வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கரையில் அதைக் காட்டினால் போதும். அப்பாவின் முதல் பயணம் சீடர் ஹில்லாக இருக்கட்டும். வசந்த காலத்தில் சனி ஞாயிறுகளில் அங்கே இடம் நிறைந்துவிடும், நாள் அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யாமல் கிளம்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிந்தால் வார நாளில், விடிந்ததும் போய்விடுங்கள், கெளுத்திக்குக் கோழி ஈரல் மறக்க வேண்டாம்.