கறள் பிடிக்கும் இரும்புக்கு நாகம் (துத்தநாகம்) விசிறலாமா?

காரைநகரிலிருந்து: அண்ணை, கடலோர வீட்டுக் கேற்றுக்கு வருசா வருசம் பெயின்ற் அடிக்கிறம். மாரி முடிய முன்னமே கறள் கிளம்புது. நாகம் விசிறினால் நிற்குமோ?

கறள் நிற்கும் தம்பி. நாகக் கம்பியை உருக்கித் துப்பாக்கியால் இரும்பின்மேல் படையாக விசிறுவதுதான் இந்த வேலை. பெயின்ற் வெறும் மூடி. ஒரு கீறல் விழுந்தால் போதும், கறள் அதன் அடியாலேயே பரவும். நாகம் இரும்பை முந்திக்கொண்டு தான் கரையும், அதனால் சின்னக் கீறலில் தெரியும் இரும்பையும் காக்கும். கரைந்து தீரும்வரைதான் காவல், ஆகவே தடிப்பு முக்கியம். 100 முதல் 200 மைக்ரோன் வரை போடுவார்கள் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

அதே தம்பி: கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்துவிட்டு விசிறலாமா?

கூடாது. காசு வீணாவது இந்த இடத்தில்தான். துப்பாக்கிக்குள் உருகும் நாகக் கம்பி துளித்துளியாகப் பறந்துவந்து தட்டையாகி, இரும்பின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரும்போடு உருகிக் கலப்பதில்லை. வழுவழுப்பான இரும்பில் அது பொருக்காக உரியும். அழுத்தக் காற்றால் துகள் அடித்து, சாம்பல் வெள்ளையாக, கைக்குச் சொரசொரப்பாக வரவேண்டும். கடற்கரை மணலால் அடிக்கவே வேண்டாம்: உப்பு இரும்பில் ஏறும், தூசு நுரையீரலைக் கெடுக்கும். உருக்குத் துகளோ கார்னெற் என்ற கல் துகளோ வாங்குங்கள். அடிக்க முதல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்! அடித்து நாலு மணித்தியாலத்துக்குள் விசிறிவிட வேண்டும். பனி இறங்கும் காலையில் தொடங்காதீர்கள்.

கொக்குவில்: தொட்டியில் தோய்த்தெடுப்பது திறமில்லையா?

தொட்டிக்குள் அடங்கும் சாமானுக்குத் திறம்தான், குழாயின் உட்புறத்துக்கும் நாகம் போகும். ஆனால் உருகிய நாகம் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ், மெல்லிய தகடு நெளியும். விசிறும்போது இரும்பு அவ்வளவு சூடாகாது. பூட்டி நிற்கும் பெரிய சட்டத்துக்கும் நின்ற இடத்திலேயே அடிக்கலாம்.

மயிலிட்டி: எப்போதும் கடல் தண்ணீரில் கிடக்கும் இரும்புக்கு?

அதற்கு அலுமினியம், ஐயா. கடல் நீரில் நாகத்தைவிட மெதுவாகத் தேயும். 85 பங்கு நாகமும் 15 பங்கு அலுமினியமும் கலந்த கம்பியும் உண்டு. கடற்காற்று மட்டும் படும் இடத்துக்கு அது நல்ல தெரிவு.

சாவகச்சேரி: மேலே பெயின்ற் அடிக்கலாமா?

விசிறிய படையில் நுண்துளைகள் இருக்கும். முதலில் அந்தத் துளைகளை அடைக்கும், தண்ணீராய் ஓடும் சீலர் ஒன்றைப் பூசிக் குடிக்கவிடுங்கள். வழக்கமான எண்ணெய் எனாமலை நேரே பூசினால் நாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம்போல் ஆகிக் கழன்றுவிடும்.

வல்வெட்டித்துறை: பிறகு வெல்டிங் செய்ய நேர்ந்தால்?

அந்த இடத்து நாகத்தை முதலில் அரைத்தெடுங்கள். அதன் வெண்புகையை மூச்சில் இழுத்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும். ஒட்டின பிறகு நாகம் நிறைந்த பிரைமர் பூசினால் சரி.