மூன்று நாள் மைசூர் டூர்: கையெழுத்துப் போடலாமா?

வணக்கம்.

என் மகள் ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரி வந்தால் பத்து வயது முடிகிறது. ஜனவரி கடைசி வாரம் பள்ளியிலிருந்து மைசூருக்கு டூர் கூட்டிப் போகிறார்கள். இரண்டு இரவு, மூன்று நாள். 48 பிள்ளைகள், 4 டீச்சர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி திம்பம் வழியாகப் போகிறார்களாம். அவளுடைய கூட்டாளிகள் எல்லாரும் பணம் கட்டிவிட்டார்கள்.

இன்றுவரை எங்களோடுதான் படுக்கிறாள். என் அம்மா வீட்டில் மட்டும் நான் இல்லாமல் தங்கியிருக்கிறாள். மாதத்தில் ஒன்றிரண்டு தடவை படுக்கையை நனைத்துவிடுவாள். வெளியில் யாருக்கும் தெரியாது. பஸ் ஏறினால் வாந்தி. வீட்டில் ஓயாத வாய், வெளியில் வாயே திறக்க மாட்டாள். என் வீட்டுக்காரர் “எட்டாவது வரட்டும், பார்த்துக்கலாம்” என்கிறார். மாமியார் “வயசுக்கு வர்ற நேரத்துல வெளியூர்ல தங்க வைக்கிறதா” என்கிறார். மகளோ இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது?

பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வரிசையாகச் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது ஒன்றுதான்: வெளியில் வாயே திறக்க மாட்டாள் என்பது. படுக்கை, வாந்தி, வயது எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. தலை வலிக்கிறது, பாத்ரூம் போக வேண்டும், செருப்பு காணோம் என்று வீட்டு ஆள் அல்லாத ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லத் தெரிந்த பிள்ளையை அனுப்பலாம். அவள் ராத்திரி கொஞ்சம் அழுதாலும் பரவாயில்லை. அழாத, கேட்காத பிள்ளைதான் மூன்று நாளும் தண்ணீர் குடிக்காமல், வெளிக்குப் போகாமல், காய்ச்சலோடு திரும்பி வரும்.

அதைச் சோதிக்க வெள்ளிக்கிழமை வரை போதும். நாளைக்கே கடைக்குக் கூட்டிப் போய் வாசலில் நின்றுகொண்டு, அவளையே உள்ளே போய் வாங்கி மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். ஓட்டலில் தண்ணீர் வேண்டும் என்று அவளே சர்வரிடம் கேட்கட்டும். அடுத்து, வகுப்பு டீச்சரிடம் ஒரு விஷயத்தை அவளே கேட்டு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். டூரில் எந்த அறையில் யார் யார் என்பதையே கேட்கச் சொல்லலாம். முதல் தடவை தயங்குவாள். மூன்றாவது தடவையும் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றால், இந்த வருடம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அம்மா பக்கத்தில் படுப்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை தனியறையில் படுப்பதுதான் அபூர்வம். டூரிலும் யாரும் தனியாகப் படுக்கப் போவதில்லை. ஓர் அறைக்கு நான்கு பேர் இருப்பார்கள். உங்கள் கை மேலே இல்லாமல் அவள் தூங்குகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பாட்டி வீடு இதற்குச் சோதனை ஆகாது. அங்கே உங்களைவிட அதிகமாகத் தாங்குவார்கள். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி அத்தை வீட்டிலோ, குடும்பமாகப் பழகிய ஒரு தோழி வீட்டிலோ ஒரு தடவை தங்கட்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. போகும்போது, “அழுகை வந்தா போன் பண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டு வந்துடுவார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வீட்டு ஏக்கம் பற்றி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இந்த எச்சரிக்கை உண்டு. கூட்டி வருவோம் என்ற வாக்கைக் கேட்ட பிள்ளை, உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் போல என்றுதான் எடுத்துக்கொள்ளும்; முதல் ராத்திரி முழுக்க அந்த போன் மேலேயே கண்ணாக இருக்கும்.

படுக்கை விஷயத்துக்கு வருகிறேன். பத்து வயதில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. 48 பேரில் உங்கள் மகள் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். மறைத்து அனுப்பும்போதுதான் வினை. நனைந்துவிடுமோ என்று பயந்து விழித்தே கிடக்கும் பிள்ளை மறுநாள் பஸ்ஸில் துவண்டு போகும். நாள் முழுக்க நடந்த அசதியில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கும்போது நனைய வாய்ப்பும் கூடும். மலச்சிக்கல் இருந்தாலும் இது அதிகமாகும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அவளோடு அதே மாடியில் தங்கப்போகும் பெண் டீச்சர் ஒருவரிடம் மட்டும், நேரில் சொல்லுங்கள். வகுப்பு வாட்ஸப் குழுவில் கோடிகூடக் காட்டாதீர்கள். பகலில் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்ள வேண்டும், டீ, கோலா அறவே கூடாது. படுக்கும் முன் ஒரு தடவை, டீச்சர் தூங்கப் போகும் முன் எழுப்பி ஒரு தடவை பாத்ரூம். பையில் அடர்நிறத்தில் இரண்டு மாற்று இரவு உடை, ஒரு சின்ன ரப்பர் ஷீட், அதன்மேல் விரிக்க அவளுடைய போர்வை, நனைந்ததைக் கட்டி வைக்க இரண்டு கெட்டிப் பிளாஸ்டிக் கவர். காலையில் மற்றவர்கள் எழும் முன் டீச்சர் வந்து பார்த்தால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். இதற்காக மருத்துவரிடம் மாத்திரை கேட்பதாக இருந்தால் இப்போதே கேளுங்கள். சில வாரம் வீட்டில் கொடுத்துப் பார்த்ததை மட்டும் டூருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இதற்குக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின் மாத்திரையைப் போட்ட பிறகு தண்ணீரை மடமடவென்று குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லாத இடத்தில் அது முதல்முறையாக நடக்கக் கூடாது.

வாந்திக்கு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளே போதும். விடியற்காலை பயணத்தில் எல்லா அம்மாக்களும் ஒன்று செய்வார்கள்: வெறும் வயிற்றோடு போக வேண்டாம் என்று நாலரை மணிக்கு ஒரு டம்ளர் பால். பண்ணாரி தாண்டியதும் அது வெளியே வந்துவிடும். வெறும் வயிறும் சரிப்படாது. இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, சட்னி வேண்டாம். முன்பக்கம் இரண்டாவது மூன்றாவது வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள். கடைசி சீட்டில் தூக்கிப் போடுவது அதிகம். தலையைக் குனிந்து போன் பார்க்கவே கூடாது. மருத்துவர் சொன்ன வாந்தி மாத்திரையைக் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும், மலை ஏறும்போது போட்டுப் பயனில்லை. அதையும் ஒரு தடவை முன்னாலேயே கொடுத்துப் பாருங்கள், சில பிள்ளைகளுக்கு மதியம் வரை தூக்கம் தெளியாது.

இனி உடம்பு வேலைகள். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் டூரில் திண்டாடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது தலைமுடி. நீளமாக இருந்து தினமும் நீங்கள் இரட்டைச் சடை போட்டுவிடுகிறீர்கள் என்றால், அங்கே நான்கு டீச்சர்கள் 48 தலை வாரிக்கொண்டிருக்க முடியாது. ஒற்றைக் குதிரைவால் அவளே போடப் பழகட்டும், இல்லையென்றால் வெட்டிவிடுங்கள். இரண்டாவது வெந்நீர். லாட்ஜ் கீசரில் முதலில் குளிர்ந்த நீரும் பிறகு திடீரென்று கொதிநீரும் வரும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் பாதி, அப்புறம் வெந்நீர், கையின் உள்பக்கம் தொட்டுப் பார்த்த பிறகுதான் மேலே ஊற்றுவது என்பதை அவளே ஒரு வாரம் வீட்டில் செய்ய வேண்டும். மூன்றாவது கக்கூஸ். வீட்டில் வெஸ்டர்ன் மட்டுமே பழகிய பிள்ளை, வழியில் இந்தியன் கக்கூஸைப் பார்த்து மூன்று நாள் அடக்கி வைத்திருக்கும். இரண்டிலும் உட்காரப் பழக்குங்கள். கதவுத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுத் திறக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள், பழைய லாட்ஜ் தாழ்ப்பாள் சின்னக் கைக்கு இறுகும்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் ஒரு சின்னப் பைதான். நான்கைந்து நாப்கின், இரண்டு ஜட்டி, பழைய செய்தித்தாள் கொஞ்சம். எப்படி ஒட்டுவது, எப்படிச் சுற்றிப் போடுவது என்று செய்து காட்டி, “இப்படி வந்தா பயப்பட ஒண்ணுமில்ல, டீச்சர்கிட்ட இந்தப் பையைக் காட்டு, போதும்” என்று சொல்லிவிடுங்கள். பத்து வயதில் இது டூரில்தான் நடக்கும் என்றில்லை, கணக்குப் பரீட்சை அன்றும் நடக்கலாம். எப்படியும் சொல்லியாக வேண்டியதுதான்.

இதுவரை உங்கள் மகள் பக்கம். மீதிப் பாதி பள்ளியின் பக்கம் இருக்கிறது, பெற்றோர் அதைக் கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். 48 பேருக்கு 4 டீச்சர் போதாது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு டீச்சர் அறையிலேயே இருந்துவிட்டால், மீதி மூவர் 47 பேரை அரண்மனைக்குள் மேய்க்க வேண்டும். இந்த வயதுக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் எந்தக் குழுவிலும் சேராத ஒருவர், ஆக ஏழு பெரியவர்களாவது வேண்டும் என்று கேளுங்கள். மைசூர் அரண்மனையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பி வந்து மாட்டும் இடத்தில்தான் கூட்டத்தில் பிள்ளைகள் பிரிந்து போவார்கள். லேஸ் கட்டும் ஷூவோடு நாற்பது பிள்ளைகள் குனிந்திருக்கும்போது யாரால் எண்ண முடியும்? ஒட்டும் பட்டை வைத்த செருப்பு போட்டு அனுப்புங்கள்.

பயண அட்டவணையை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். மைசூர் மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்றைக்கு அதைப் போட்டிருந்தால், யாரும் விசாரிக்காமல் பழைய தாளை நகலெடுத்திருக்கிறார்கள். பிருந்தாவனத்தில் இசை நீரூற்றுக்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டும், முடிந்து லாட்ஜுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை ஆகும். முதல் நாளே அதை வைத்தால், நாலு மணிக்கு எழுந்த பிள்ளைகளுக்கு அன்றைக்கே பதினெட்டு மணி நேரம் தாண்டிவிடும். இரண்டாம் நாளுக்கு மாற்றச் சொல்லலாம். ஸ்ரீரங்கப்பட்டணம் போட்டிருந்தால், காவிரியில் கால் நனைப்பதுகூடக் கிடையாது என்று பள்ளி வாயால் சொல்ல வேண்டும்.

திரும்பும் நாள் கிளம்பும் நேரம் எல்லாவற்றையும்விட முக்கியம். திம்பம் சாலையில் இரவில் வாகனத் தடை இருக்கிறது. மாலை ஷாப்பிங் முடித்து ஐந்து மணிக்கு மைசூரை விட்டால், ஒன்று சோதனைச்சாவடியில் நிற்பார்கள், இல்லையென்றால் டிரைவர் வேறு வழியைச் சுற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டுவார். 2022 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு, எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் போன பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள், அதில் 5 பேர் மாணவர்கள். காலை சாப்பாடு முடிந்ததும் கிளம்பி வெளிச்சத்திலேயே ஈரோடு வந்து சேர்வதாக இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் மஞ்சள் வண்டியிலேயே போவதாகச் சொன்னால், வெளிமாநிலம் போக பெர்மிட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். வாடகை வண்டி என்றால் பதிவு எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரிந்துவிடும். டிரைவர், கிளீனர் எங்கே படுக்கிறார்கள், பெண் பிள்ளைகளின் மாடியில் எந்த டீச்சர், ராத்திரி கதவைத் தட்டினால் யார் குரல் கேட்டுத் திறக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் மேடம்” என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் எட்டாவது வரட்டும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டாவதில் முதல்முறை வெளியே தங்கும் பிள்ளைக்கும் இதே பயம்தான் இருக்கும். கூடவே அதை வெளியில் காட்டிக்கொள்ள வெட்கமும் சேரும். இரண்டு இரவு முதல் தடவைக்குக் கொஞ்சம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு இரவாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

கடைச் சோதனையில் தேறி, பள்ளியும் ஒழுங்காகப் பதில் சொன்னால் அனுப்புங்கள். பள்ளியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால், “நீ சின்னப் பிள்ளை” என்று அவள் தலையில் கட்டாமல், பஸ் ராத்திரியில் வருவது பிடிக்கவில்லை என்று உள்ள காரணத்தையே சொல்லுங்கள். கோபப்படுவாள், ஆனால் புரியும். அனுப்பினால், போன் பேசுவது சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்கு இருக்கட்டும். படுக்கும் நேரத்தில் அம்மா குரல் கேட்டால் அடக்கி வைத்த அழுகை உடையும். “நீ இல்லாம வீடே வெறிச்சுனு இருக்கு” என்ற பேச்சும் வேண்டாம். என்ன சாப்பிட்டாய், யானை பார்த்தாயா, போதும்.

சம்மதக் கடிதத்தின் பின்பக்கத்தில் அவள் எடை, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, உணவு, காய்ச்சல் வந்தால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும் அளவும், எந்நேரமும் எடுக்கக்கூடிய இரண்டு போன் எண்கள், இவ்வளவும் எழுதி, நகல் ஒன்றை அவள் பையின் உள்ஜிப்பில் வையுங்கள். படுக்கை நனைவதை மட்டும் அதில் எழுத வேண்டாம். அந்தத் தாள் அலுவலக அறையில் பல கைகள் மாறும்.